பழி ஓரிடம், பாலம் ஓரிடம்

ஹாலிவுட்காரர்களுக்குப் பாலம் என்றால் தனிப் பிரியம். 'க்வாய்' படத்தில் பாலத்தைக் கட்டி உடைப்பார்கள். 'ரிமேகன்' படத்தில் பாலத்தைப் பிடிப்பார்கள். காரணம் சுலபம். இந்தக் கரையில் நம்ம ஆள், அந்தக் கரையில் எதிரி, நடுவில் ஆறு. முறுக்கைக் கடித்துக்கொண்டே பார்த்தாலும் கதை புரிந்துவிடும்.

இந்த வரிசையில் பிரமாண்டமான படம் 'எ பிரிட்ஜ் டூ ஃபார்'. 1977-ல் வந்தது. டைரக்டர் ரிச்சர்ட் அட்டன்பரோ. ஆமாம், ஐந்து வருஷம் கழித்து 'காந்தி' எடுத்தாரே, அவரேதான். அஹிம்சைக்கு முன்னால் இம்சை. ஷான் கானரி, ராபர்ட் ரெட்ஃபோர்ட், ஜீன் ஹாக்மேன், ஆன்டனி ஹாப்கின்ஸ், மைக்கேல் கெய்ன், லாரன்ஸ் ஒலிவியர் என்று போஸ்டரில் பெயர் போடவே இடம் போதாத அளவுக்கு நட்சத்திரங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வானம் கொள்ளாத பாராசூட்டுகள்.

பார்த்த நண்பர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொல்கிறார்கள். "என்ன வீரம் சார்! பாவம், லக் இல்லாம போச்சு."

இந்த 'லக் இல்லாம போச்சு'வோடுதான் எனக்குச் சண்டை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கதை என்றாலும் நடந்ததுதான். 1944 செப்டம்பர். நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் பிரான்ஸைத் தாண்டி பெல்ஜியம் வரை வந்துவிட்டன. ஜெர்மானியர்கள் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் போர் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு மிதப்பு. இந்த மிதப்பில் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி ஒரு திட்டம் போட்டார். நெதர்லாந்தில் வரிசையாக இருக்கும் பாலங்களைப் பாராசூட் வீரர்கள் வானத்திலிருந்து குதித்துப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியது. பெல்ஜியம் எல்லையிலிருந்து டாங்கிப் படை ஒற்றை ரோட்டில் சுமார் நூறு கிலோமீட்டர் ஓடிவந்து ஒவ்வொரு பாலமாகத் தாண்ட வேண்டியது. கடைசிப் பாலம் ரைன் நதியின் கிளை மேல், ஆர்ன்ஹெம் என்ற ஊரில். அதைத் தாண்டிவிட்டால் ஜெர்மனிக்குள் நுழைய வாசல் திறந்த மாதிரி. திட்டத்துக்கு 'மார்க்கெட் கார்டன்' என்று காய்கறிக் கடை மாதிரி ஒரு பெயர்.

செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை குதித்தார்கள். ஆர்ன்ஹெம் பாலத்தை எட்டிப் பிடித்தவர்கள் ஜான் ஃப்ராஸ்ட் என்ற அதிகாரி தலைமையில் சுமார் 740 பேர்தான். படத்தில் ஃப்ராஸ்டாக வருபவர் ஹாப்கின்ஸ். "ரெண்டு நாள் தாக்குப் பிடியுங்கள், டாங்கி வந்துவிடும்" என்பது ஏற்பாடு. அவர்கள் 21-ம் தேதி காலை வரை, தோட்டா தீர்ந்து, வீடுகள் எரிந்து தலைமேல் விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாலத்துக்கு டாங்கி வரவே இல்லை. ஆற்றின் வட கரையில் போய் இறங்கியவர்கள் மொத்தம் சுமார் பத்தாயிரம் பேர். ஒன்பதாம் நாள் ராத்திரி இருட்டில் ஆற்றைத் தாண்டித் திரும்பி வந்தவர்கள் சுமார் 2,400 பேர். மிச்சப் பேர் செத்துப்போனார்கள், அல்லது பிடிபட்டார்கள்.

ஏன் தோற்றார்கள்? படம் பட்டியல் போடுகிறது. ரேடியோ வேலை செய்யவில்லை. இங்கிலாந்தில் மூடுபனி, அதனால் துணைப்படை தாமதம். இறங்கிய இடம் பாலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுபோகப் போதுமான விமானம் இல்லை. ரோடு ஒன்றே ஒன்று, அதிலும் நெரிசல்.

ஒவ்வொன்றாக எடுங்கள். மூடுபனி, சரி, அது இயற்கை. தொலைவில் இறங்கியது? பாலத்துக்குப் பக்கத்தில் விமான எதிர்ப்பு பீரங்கி இருக்கும் என்று விமானப்படை சொன்னதைக் கேட்டு மேஜையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. தவணை முறையில் ஆள் இறக்கியது? அதுவும் முடிவு. ஒற்றை ரோடு? மேப்பிலேயே இருக்கிறது. ரேடியோ? ரேடியோ வேலை செய்யாமல் போகலாம் என்று தெரிந்த அதிகாரி, 'எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், நாம் ஏன் கெடுப்பானேன்' என்று வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் படத்திலேயே காட்டுகிறார்கள். இத்தனையையும் சேர்த்துக் குலுக்கி ஒரு கிளாஸில் ஊற்றி 'துரதிர்ஷ்டம்' என்று லேபிள் ஒட்டிவிட்டால் யாருக்கும் வலிக்காது. தோற்கப்போகிறது என்று முன்கூட்டியே இரண்டு பேர் சொன்னார்கள் சார். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. படத்தில் அது பாதிதான் இருக்கிறது.

முதல் ஆள் பிரையன் அர்க்கார்ட். 25 வயது. வான்படைத் தளபதி பிரவுனிங்கின் ஆபீஸில் உளவுத் தகவல் அதிகாரி. ஆர்ன்ஹெம் பக்கம் ஜெர்மன் டாங்கிகள் இருப்பதாகத் தகவல் வந்தது. நெதர்லாந்தின் தலைமறைவு இயக்கத்தினரும் அதையே சொன்னார்கள். பையன் விமானத்தை அனுப்பிப் படம் பிடித்துவரச் செய்தான். மரத்தடியில் டாங்கிகள். கொண்டுபோய் பாஸ் மேஜையில் வைத்தான். 'இதெல்லாம் ஓடாத வண்டியாக இருக்கும், நீ அலட்டிக்காதே' என்கிற ரீதியில் பதில். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டாலியன் அனுப்பி டாங்கியைச் சோதிக்கவில்லை. டாக்டரை அனுப்பி இவரைச் சோதித்தார்கள். 'நீ ரொம்பக் களைத்துப் போயிருக்கிறாய், லீவில் போ.' போருக்கு முன்னால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த போட்டோவில் இருந்தவை பழைய ரக, பயிற்சிக்கு வைத்திருந்த டாங்கிகள் என்று பிற்பாடு சில சரித்திர ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். அதனால் என்ன? ஜெர்மனியின் இரண்டு எஸ்.எஸ். டாங்கி டிவிஷன்கள், ஒன்பதாவதும் பத்தாவதும், அடிபட்டு இளைத்துப்போனவை என்றாலும், அந்த வட்டாரத்தில்தான் இளைப்பாறிக்கொண்டிருந்தன. பையன் காட்டிய புகை அந்த நெருப்புடையதாக இல்லாமல் இருக்கலாம். நெருப்பு இருந்தது. பாராசூட்டில் குதிப்பவன் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு குதிக்க முடியாது.

படத்தில் இந்தக் காட்சி வருகிறது. ஆனால் அர்க்கார்ட் என்ற பெயரில் இல்லை. கானரி நடித்த தளபதியின் பெயரும் அர்க்கார்ட். குழப்பம் வேண்டாம் என்று இவருக்கு 'ஃபுல்லர்' என்று வேறு பெயர் வைத்துவிட்டார்கள். டாக்டர் வந்து அழைத்துப்போனதோடு ஃபுல்லர் கதை முடிந்தது. தோற்ற பிறகு யாரும் அவரைத் தேடிப்போய், 'தம்பி, நீ சொன்னது சரிதாம்ப்பா' என்று சொல்வதாகக்கூட ஒரு காட்சி இல்லை. நிஜ அர்க்கார்ட் பிறகு ஐ.நா. சபையில் சேர்ந்து, அதன் அமைதிப் படைகள் உருவானதில் பெரும் பங்கு வகித்து, 2021-ல் தன் 101-வது வயதில் இறந்தார். ராணுவம் களைத்துப்போனவன் என்று ஒதுக்கிய ஆள்!

இரண்டாவது ஆள்தான் என் கோபத்துக்கு முக்கியக் காரணம். போலந்து பாராசூட் படையின் தளபதி ஸ்டானிஸ்வாவ் சோசபோவ்ஸ்கி. வாயில் நுழையாத பெயர், மன்னியுங்கள். படத்தில் ஹாக்மேன். திட்டமிடும் கூட்டங்களில் மற்றவர்கள் தலையாட்ட, இவர் மட்டும் கேள்வி கேட்பார். 'எல்லாம் சரி, ஜெர்மன்காரன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஒருவரும் சொல்லவில்லையே?' என்கிற மாதிரி. கூட்டத்தில் இப்படிக் கேட்பவரை நமக்குப் பிடிக்காது. உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார், நினைத்துப் பாருங்கள். ப்ராஜெக்டை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடலாம் என்று எம்.டி. அறிவித்து எல்லோரும் கை தட்டும்போது, "சார், சிமென்ட்டே ஏப்ரலில்தான் வரும்" என்பார். மார்ச்சில் முடியாது. ஏப்ரலில் யாருக்கு டிரான்ஸ்ஃபர் வரும்? சொன்னவருக்குத்தான். 'நெகட்டிவ் ஆசாமி' என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள்.

சோசபோவ்ஸ்கியின் மனநிலையையும் யோசியுங்கள். அந்தப் படை உருவாக்கப்பட்டதே ஒரு நாள் வார்சாவில் போய்க் குதித்து சொந்த நாட்டை மீட்பதற்காக. 1944 ஆகஸ்டில் வார்சாவில் ஜனங்கள் ஹிட்லரை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிவிட்டார்கள். நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. இவருடைய மகன் அந்த எழுச்சியில் சண்டை போட்டுக் கண் பார்வை இழந்தார். அந்த நேரத்தில் இவரையும் இவர் ஆட்களையும் யாரோ போட்ட திட்டத்துக்காக ஆர்ன்ஹெமுக்கு அனுப்பினார்கள். மூடுபனியால் தாமதமாகி 21-ம் தேதி ட்ரீல் என்ற கிராமத்தில் குண்டு மழைக்கு நடுவே இறங்கினார்கள். ஆற்றைத் தாண்ட வேண்டிய தோணித்துறையில் தோணி இல்லை. படகு தருவதாகச் சொன்னவர்கள் தரவில்லை. கிடைத்த ரப்பர் படகுகளில் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டிப் பார்த்தார்கள், செத்தார்கள்.

24-ம் தேதி வால்பர்க் என்ற ஊரில் ஒரு மீட்டிங். இன்னொரு தடவை ஆற்றைக் கடக்கத் திட்டம். இந்த இடத்தில் கடந்தால் பிரயோஜனமில்லை, கடப்பதானால் முழு பலத்தோடு வேறு இடத்தில் கடக்க வேண்டும் என்றார் மனிதர். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எரிச்சல். அன்று ராத்திரி அவர்கள் சொன்ன இடத்திலேயே ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனைக் கடக்கவைத்தார்கள். கடந்தவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள்.

இப்போது கணக்கு முடிக்கும் நேரம். தோல்விக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே? போலந்துப் படை சரியாகச் சண்டை போடவில்லை, எனக்கு அவர்கள் வேண்டாம் என்று அக்டோபரில் மாண்ட்கோமரி லண்டனுக்கு எழுதினார். சோசபோவ்ஸ்கியோடு ஒத்துப்போக முடியவில்லை, அவரை மாற்ற வேண்டும் என்று நவம்பரில் பிரவுனிங் எழுதினார். டிசம்பரில் பதவி போயிற்று. போர் முடிந்து போலந்தில் ரஷ்யக் கட்டுப்பாட்டில் ஆட்சி வந்துவிட, ஊருக்கும் திரும்ப முடியவில்லை. அந்த மேஜர் ஜெனரல் லண்டனில் ஒரு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாக வேலை பார்த்து, 1967-ல் காலமானார்.

பிரவுனிங்? அதே டிசம்பரில் அவர் மவுன்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்துக்குத் தலைமை அதிகாரியாகப் போனார். அது எங்கே இருந்தது என்கிறீர்கள்? கண்டியில். மலையும் குளமும் குளுகுளு காற்றுமாகப் புதிய உத்தியோகம். 1946-ல் 'சர்' பட்டம். பிறகு இளவரசி எலிசபெத்தின் அரண்மனை நிர்வாகம். இதில் உச்சம் என்னவென்றால், நாடு கடந்த போலந்து அரசின் உயர்ந்த விருது ஒன்றும் அவருக்கு உண்டு! எழுத்தாளன் இப்படி ஒரு கதை எழுதினால் 'ஓவர் சார்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சோசபோவ்ஸ்கியின் பதவி பறிக்கப்பட்டது படத்தில் இல்லை. ஹாக்மேன் சோகமாக முகத்தை வைத்துக்கொள்வதோடு சரி. மூன்று மணி நேரப் படத்தில் அதற்கு ஒரு வரி டைட்டில் கார்டு போட இடமில்லையா?

இன்னொன்றைக் கவனித்தீர்களா? இந்த மொத்தத் திட்டத்தையும் போட்ட மாண்ட்கோமரி படத்திலேயே கிடையாது. அத்தனை நட்சத்திரங்களை வாங்கிப்போட்டவர்கள் அந்த வேஷத்துக்கு ஒரு துணை நடிகரைக்கூடப் போடவில்லை. ஆபரேஷன் 90 சதவிகிதம் வெற்றி என்று அவர் சொன்னது கடைசியில் வசனமாக வருகிறது. அதையும் பிரவுனிங் வாயால் தகவலாகத்தான் கேட்கிறோம். கடைசிப் பாலத்துக்காகப் போட்ட திட்டத்தில் கடைசிப் பாலம் மட்டும் கிடைக்கவில்லை என்றால் அது 90 சதவிகிதமா? மெட்ராஸிலிருந்து கிளம்பிய ரயில் காவிரிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டால் திருச்சிக்கு 90 சதவிகிதம் வந்துவிட்டோம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வாரா? நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்ட் இதைக் கேட்டு நொந்துபோய், மாண்ட்கோமரியின் இன்னொரு வெற்றியை எங்கள் நாடு தாங்காது என்கிற பொருளில் சொன்னது பிரசித்தம்.

தலைப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு பாலம் அதிகமாக ஆசைப்பட்டுவிட்டோம் என்பது அதன் பொருள். உலகம் முழுக்கப் பழமொழி ஆகிவிட்டது. கொர்னேலியஸ் ரயன் 1974-ல் எழுதிய புத்தகம், போருக்கு முன்பே பிரவுனிங் மாண்ட்கோமரியை இப்படி எச்சரித்ததாகச் சொல்கிறது. படத்தில் எல்லாம் முடிந்தபின் பிரவுனிங்காக வரும் டர்க் போகார்ட் சொல்கிறார். அவர் நிஜத்தில் அப்படிச் சொன்னாரா என்பதே சந்தேகம் என்கிற சரித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எச்சரித்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு மெடிக்கல் லீவு, இன்னொருவருக்குத் தொழிற்சாலை. உலகப் புகழ்பெற்ற எச்சரிக்கை வாக்கியம் மட்டும் அந்த இரண்டு பேரையும் கேட்காதவர் கணக்கில்!

ஆனாலும் பிரவுனிங் மனைவிக்குப் படத்தின் மேல் பயங்கரக் கோபம். புருஷனை மோசமாகக் காட்டிவிட்டார்கள் என்று. அவர் யார் தெரியுமா? 'ரெபெக்கா' எழுதிய டாஃப்னி டு மோரியர். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. மாண்ட்கோமரியை நாற்காலியோடு மறைத்துவிட்டு, 1965-லேயே இறந்துபோன பிரவுனிங் தலையில் மட்டும் மிளகாய் அரைத்தால் மனைவி சும்மா இருப்பாரா?

"சினிமாதானே சார், விடுங்க" என்பீர்கள். விட முடியவில்லை. ஆர்ன்ஹெம் என்றால் உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் படம்தான் தெரியும். ரெட்ஃபோர்ட் துணிப் படகில், பட்டப்பகலில், குண்டுகளுக்கு நடுவே வால் நதியைக் கடக்கும் காட்சி தெரியும். நடந்ததுதான் அது, அசாத்திய வீரம்தான், நைமேகன் பாலத்துக்காக அன்று நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். ஆனால் அந்தப் படகுகள் நேரத்துக்கு வராமல் வெயிலில் காத்திருந்ததும் அதே படத்தில்தான் வருகிறது. அந்த வீரத்தைக் கை தட்டி ரசிக்கும்போது, அவ்வளவு வீரம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி நமக்கு எழுவதில்லை. மேலே இருப்பவன் செய்த தப்புக்குக் கீழே இருப்பவன் கட்டும் வட்டிக்குத்தான் பல சமயம் வீரம் என்று பெயர்.

வட்டி கட்டியவர்களில் யூனிஃபாரம் போடாதவர்களும் உண்டு. மார்க்கெட் கார்டனுக்கு உதவியாக, செப்டம்பர் 17 அன்று லண்டனில் இருந்த நெதர்லாந்து அரசு ரேடியோவில் ரயில் ஊழியர்களை வேலை நிறுத்தம் செய்யச் சொன்னது. செய்தார்கள். ஜெர்மானியர்கள் பதிலுக்கு மேற்கு நெதர்லாந்துக்குப் போகும் உணவை நிறுத்தினார்கள். பிறகு குளிரில் கால்வாய்கள் உறைந்தன. ட்யூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் பட்டினியில் இறந்தவர்கள் சுமார் 20,000 பேர். ஆர்ன்ஹெம் ஜனங்களை, சுமார் ஒரு லட்சம் பேரை, வீட்டைப் பூட்டிவிட்டுப் போ என்று ஜெர்மானியர்கள் துரத்திவிட்டு ஊரைச் சூறையாடினார்கள். பக்கத்து ஊரான வெல்ப்பில் பசியில் வாடிய ஒரு 15 வயதுப் பெண்தான் பிற்பாடு ஆட்ரி ஹெப்பர்ன் ஆனார். அவரைப் பார்த்து 'என்ன ஒல்லி, என்ன அழகு' என்று உலகமே உருகியது. படம் இதற்கெல்லாம் முன்பே, ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு வீட்டை விட்டுப் போவதோடு முடிந்துவிடுகிறது. அழகான ஷாட். 90 சதவிகிதத்தின் மிச்சக் கணக்கு அந்த ஷாட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பாலம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லையே நீங்கள்? 1944 அக்டோபர் ஆரம்பத்தில், ஃப்ராஸ்ட் ஆட்கள் பிடிபட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு போட்டு அதை உடைத்துவிட்டன. ஜெர்மானியர்கள் உபயோகிக்கக் கூடாதாம். இப்போது அங்கே இருப்பது போருக்குப் பின் கட்டியது. அதற்கு ஜான் ஃப்ராஸ்ட் பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தையும் அங்கே எடுக்கவில்லை. சுற்றுவட்டாரம் நவீனமாகிவிட்டதால் டேவென்டர் என்ற வேறு ஊர்ப் பாலத்தில் எடுத்தார்கள்.

சோசபோவ்ஸ்கிக்கு 2006-ல் நெதர்லாந்து அரசு வெண்கலச் சிங்க விருது கொடுத்தது. செத்து 39 வருஷம் கழித்து. அதே வருஷம் ட்ரீல் கிராமத்தில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். அதற்குப் பணம் வசூலித்துக் கொடுத்தவர்கள், ஆற்றின் அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டு இவருடைய ஆட்கள் வரமாட்டார்களா என்று காத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள். எண்பது வயதைத் தாண்டிய கிழவர்கள்.